சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: 26 அடிப் பாய்மரப் படகை வைத்துக்கொள்ள ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்?

இங்கிலாந்தின் தென்கரையில், சாலண்ட் நீரிணையை ஒட்டிய சிற்றாறுகளில், 4,000 அல்லது 5,000 பவுண்டுக்குப் பழைய பாய்மரப் படகு ஒன்று கிடைத்துவிடும். ஓடித் தேய்ந்த காரின் விலைதான். உள்ளே நான்கு பேர் படுக்கலாம், அடுப்பு உண்டு, கழிப்பறை உண்டு, டீசல் எஞ்சின் உண்டு. பார்த்தவுடன் ஆசை வரும். எனக்கும் வந்தது, வாங்கினேன். முதல் ஆண்டு முடிந்து கணக்கு நோட்டைக் கூட்டிப் பார்த்தால், படகுக்குக் கொடுத்ததைவிட அதை வைத்துக்கொள்ளக் கொடுத்தது அதிகம்.

படகுக்காரர்கள் வட்டாரத்தில் ஒரு விதி சொல்வார்கள்: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு. புதுப் படகுக்கு அது ஓரளவு பொருந்தலாம். 5,000 பவுண்டு படகுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு என்று கணக்குப் போட்டால் ஏப்ரல் மாதத்திலேயே பணம் தீர்ந்துவிடும். கிரேன்காரருக்கு உங்கள் படகின் விலை தெரியாது. அவர் பார்ப்பது நீளத்தை. பெயின்ட் டப்பாவும் அப்படித்தான், பாய் தைப்பவரும் அப்படித்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் வாங்கும் விலையை ஓரமாக வைத்துவிடலாம். படகு எத்தனை நீளம், அதை எங்கே கட்டுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளிலிருந்து மற்ற எல்லாம் வரும்.

எடுத்துக்காட்டுக்கு என்னுடைய வெஸ்டர்லி சென்டார் படகை எடுத்துக்கொள்கிறேன். 1969 முதல் 1980 வரை ஹாம்ப்ஷயரில் கட்டப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள், இன்றும் தென்கரையில் எந்த ஓடைக்குப் போனாலும் ஒன்று நிற்கும். நீளம் 26 அடி, அதாவது 7.92 மீட்டர். எடை சுமார் 3 டன். படகு கவிழாமல் காக்க அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான தகட்டைக் கீல் என்பார்கள். இதற்கு ஒற்றைக் கீலுக்குப் பதில் இரண்டு கீல்கள். தண்ணீருக்குக் கீழே மூன்று அடிதான் இறங்கும். கடல் வற்றினால் சேற்றில் இரண்டு கால் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். இந்த இரண்டு கால் எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்துகிறது என்பதைக் கீழே பார்க்கலாம். தொகைகள் எல்லாம் நான் கொடுத்தவை, அல்லது சுற்றுவட்டாரத்தில் விசாரித்து வட்டமாக்கியவை. பக்கத்து ஆற்றுக்குப் போனாலே மாறும்.

படி 1: அளவுநாடாவை எடுங்கள்

விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாதீர்கள். மரினாவில், அதாவது வாடகைக்குப் படகு நிறுத்தும் துறையில், அளக்கும்போது முன்னால் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரத்திலிருந்து பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின், ஏணி வரைக்கும் அளப்பார்கள். என் 7.92 மீட்டர் படகு அவர்கள் நாடாவில் 8.4 மீட்டர் ஆனது. மீட்டருக்கு ஆண்டுக்கு 700 பவுண்டு என்றால் அந்த ஒரு முழத்துக்கும் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்கு மட்டும் 336 பவுண்டு. பின்புற ஏணியை மடக்குகிற மாதிரி மாற்றவும், நங்கூரத்தை எடுத்து உள்ளே வைக்கவும் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அளக்க வருவதற்கு முன்னால் செய்யுங்கள்.

"இன்னும் நாலு அடி பெரிசா வாங்கிடலாமே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 26 அடியிலிருந்து 30 அடிக்குப் போனால் நீளம் 15 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் கூடுவதால் எடை ஒன்றரை மடங்கு ஆகிறது. எடை கூடினால் பாய் பெரிது, கயிறு தடிமன், நங்கூரச் சங்கிலி கனம், எஞ்சின் பெரிது. நாலு அடி என்பது நாலு அடி இல்லை.

படி 2: எங்கே கட்டுவது

மொத்தக் கணக்கில் பாதியை, சில சமயம் அதற்கும் மேலே, இந்த ஒரு முடிவு தின்றுவிடும். அதனால் இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். படகைப் பார்க்கப் போவதற்கு முன்னாலேயே இடத்தைப் பார்க்கச் சொல்வேன். மலிவான இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் இருக்கும். படகை வாங்கிவிட்டு இடம் தேடினால் கிடைத்த இடத்தில், கேட்ட விலையில் உட்கார வேண்டியதுதான்.

சென்னைக்காரர்களுக்கு மெரினா என்றால் மணலும் சுண்டலும். இங்கே மரினா என்பது படகுகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி. மிதக்கும் மேடையில் நடந்து போய்ப் படகில் கால் வைக்கலாம். குழாய்த் தண்ணீர், மின்சாரம், வெந்நீர்க் குளியல், கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. சாலண்ட் பகுதியில் மீட்டருக்கு ஆண்டுக்கு 600 முதல் 900 பவுண்டுவரை கேட்பார்கள். ஹாம்பிள் ஆற்றில் மேல் எல்லையை எதிர்பார்க்கலாம். சொல்லும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் ஓடும்.

அடுத்தது ஆழ்தண்ணீர் மூரிங். ஆற்றின் நடுவே கடலடியில் கனமான கான்கிரீட் கட்டி அல்லது பெரிய நங்கூரம், அதிலிருந்து சங்கிலி, சங்கிலி முனையில் மிதவை. படகை மிதவையில் கட்டினால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்பச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டுக்கு 600 முதல் 1,500 பவுண்டு. படகுக்குப் போக டிங்கி எனும் சிறு தோணி வேண்டும், தோணிக்கு ஒரு சின்ன அவுட்போர்டு வேண்டும், தோணியைக் கரையில் வைக்க வாடகை வேண்டும், அவுட்போர்டு திருடு போகாமலிருக்கப் பூட்டு வேண்டும். மழையில் மளிகைப் பைகளோடு தோணியில் ஏறும்போது மரினா வாடகை திடீரென்று நியாயமாகத் தோன்றும்.

மூன்றாவது, நான் தேர்ந்தெடுத்தது, சேற்று மூரிங். கடல் வற்றும்போது தரை தட்டிவிடும் இடம். ஆழ்தண்ணீர் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு, சில ஓடைகளில் அதற்கும் குறைவு. எனக்கு ஆண்டுக்கு 450 பவுண்டு. ஒற்றைக் கீல் படகு இங்கே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். இரட்டைக் கீல் படகு நிற்கும். அந்த இரண்டு கால் சம்பாதிப்பது இங்கேதான்.

விலை குறைவுக்குக் காரணம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. போர்ட்ஸ்மத் பக்கம் பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் இருக்கும். உயர்நீருக்கு முன்னும் பின்னும் மூன்று மணி நேரம்தான் என் படகு மிதக்கும். காலை பத்து மணிக்குக் கிளம்பினால் மாலை எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்பதை நான் முடிவு செய்வதில்லை, நிலா முடிவு செய்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் பெரிது. அட்டமி, நவமியை ஒட்டிச் சிறிது, தண்ணீர் முழுதாக ஏறாது. ஓடையின் மேல்பகுதியில் இடம் பிடித்தவர்களின் படகு அந்த நாட்களில் அசையவே அசையாது. அட்டமி நவமியில் புதுக் காரியம் தொடங்காதே என்று எங்கள் பாட்டி சொன்னது சேற்று மூரிங்காரர்களுக்கு வரிக்கு வரி பொருந்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தாமதமாகத் திரும்பி, மூரிங்குக்கு நூறு மீட்டர் முன்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். புளியோதரையும் ஃபிளாஸ்க் தேநீரும் இருந்ததால் பிழைத்தோம். வீடு சேர்ந்தபோது நள்ளிரவு. அந்த ஆறு மணி நேரத்தையும் வாடகையில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வள்ளத்தைக் கட்டி வைக்கிறதுக்கும் காசோ தம்பி? ஒரு கல்லைப் போட்டுக் கட்டிவிடன்" என்றார். முடியாது. இங்கே கடற்படுகையின் பெரும்பகுதி அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தம், துறைமுக எல்லைக்குள் துறைமுக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். கல்லைப் போட்டால் கல்லுக்கும் வாடகை.

எந்த மூரிங் ஆனாலும் சங்கிலியை ஆண்டுக்கொரு முறை பார்த்தாக வேண்டும். ஓதத்தோடு ஏறி இறங்கும்போது தரையில் புரண்டு தேயும் பகுதிதான் முதலில் மெலியும். விரல் தடிமன் வளையம் இரண்டு மூன்று ஆண்டில் பென்சில் தடிமன் ஆனதை நானே பார்த்திருக்கிறேன். சங்கிலி துறைமுகத்தின் பொறுப்பா உங்கள் பொறுப்பா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பொறுப்பென்றால் ஆளை வைத்துச் சோதிக்கவும் தேய்ந்ததை மாற்றவும் ஆண்டுக்கு 150 பவுண்டு ஒதுக்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், இன்சூரன்ஸ்காரர் கேட்பார்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஆண்டு எந்தத் தேதியில் தொடங்குகிறது (பெரும்பாலும் ஏப்ரல் 1)? நடுவில் விலகினால் பணம் திரும்பி வருமா? படகில் இரவு தங்குவதற்கு வரம்பு உண்டா? வெளியாளைக் கூப்பிட்டு எஞ்சின் பழுது பார்க்க அனுமதி உண்டா? சில ஒப்பந்தங்களில் படகை அங்கேயே வைத்து விற்றால் கமிஷன் கேட்கும் வரி ஒன்று பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும்.

படி 3: இன்சூரன்ஸ்

கடலில் ஓடும் சொந்தப் படகுக்கு பிரிட்டனில் இன்சூரன்ஸ் கட்டாயம் என்று சட்டம் இல்லை. ஆனால் அது இல்லாமல் எந்த மரினாவும், அநேகமாக எந்தத் துறைமுகமும் இடம் தராது. மூன்றாம் தரப்புக்கு 20 அல்லது 30 லட்சம் பவுண்டு வரையிலான பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். முழுக் காப்பீட்டுக்கு என் படகுக்கு ஆண்டுக்கு 230 பவுண்டு ஆகிறது.

படகு மலிவுதானே, முழுகினால் முழுகட்டும், மூன்றாம் தரப்பு மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழுகிய படகை அங்கேயே விட முடியாது. தூக்கி எடுக்கும் செலவு உரிமையாளர் தலையில் விழும், அது படகின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். சிதைவை அகற்றும் செலவு பாலிசியில் இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள்.

பழைய படகு என்றால் கரையேற்றி சர்வே செய்த, அதாவது நிபுணர் சோதித்த அறிக்கை கேட்பார்கள். பிறகும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அளவில் கேட்பார்கள். 26 அடிக்கு 650 பவுண்டு என்று வைத்தால் ஆண்டுக்கு 130. சர்வேயர் பார்த்துச் சொல்வதைச் சரி செய்ததற்கு ஆதாரமும் காட்ட வேண்டும், அதுதான் உண்மையான செலவு. சென்டாரில் கீல்கள் உடலோடு சேரும் இடத்தை வலுப்படுத்தியிருக்கிறார்களா என்பது வழக்கமான கேள்வி. வாங்கும் முன்பே அதைக் கேட்டுவிட்டால் பேரம் பேசவும் உதவும்.

படி 4: கரையேற்றி அடிப்பக்கம் பார்த்தல்

தண்ணீருக்குள் இருக்கும் எதிலும் உயிர் ஒட்டும். முதலில் வழுவழுப்பு, அப்புறம் பாசி, அப்புறம் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிரான கொட்டலசு. ஒரு கோடை முழுக்கச் சும்மா விட்டால் படகின் வேகம் பாதியாகிவிடும், டீசல் கூடும். இதைத் தடுக்க ஆன்டிஃபவுலிங் பெயின்ட் அடிக்கிறோம். இன்று பெரும்பாலும் செம்பு கலந்தது. முன்பு டிரைபியூட்டைல் டின் என்ற சேர்மம் கலந்த பெயின்ட் இருந்தது. கொட்டலசு கிட்டவே வராது. ஆனால் சிப்பி, நத்தை இனங்களையும் அழித்ததால் சிறு படகுகளுக்கு 1987லேயே இங்கே தடை செய்துவிட்டார்கள்.

கிரேன் வைத்துத் தூக்கி, அழுத்தத் தண்ணீரில் கழுவி, முட்டுக்கொடுத்து நிறுத்தி, பிறகு இறக்கிவிட இந்த அளவுப் படகுக்கு 400 முதல் 600 பவுண்டு. பெயின்ட், ரோலர், துத்தநாக ஆனோடு எல்லாம் சேர்த்து 200. ஆனோடு என்பது தன்னைத் தின்னக் கொடுத்து ப்ரொப்பெல்லரைக் காப்பாற்றும் உலோகக் கட்டி. உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நன்னீருக்கு மெக்னீசியம். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கரையவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், கம்பித் தொடர்பு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

பெயின்ட் வேலையை நீங்களே செய்யலாம், ஒரு வார இறுதி போதும். பழைய பெயின்டை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூள் நஞ்சு. நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பழைய சட்டையைக் கடைசியில் தூக்கி எறியுங்கள்.

இதில் பணம் கசிவது யார்டு வாடகையில். கரையில் நிற்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் வாடகை ஓடும். ஒரு ஏப்ரலில் இரண்டு வாரம் விடாத மழை, பெயின்ட் அடிக்க முடியவில்லை. அதற்குள் கிரேனின் முன்பதிவு வரிசை நிரம்பிவிட, மேலும் இரண்டு வாரம் காத்திருந்தேன். யார்டு வாடகை, கிரேன் கட்டணத்தில் பாதியைத் தொட்டது. ஆகவே தூக்கும் தேதியோடு இறக்கும் தேதியையும் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். ஏப்ரலில் எல்லோரும் வருவார்கள். மார்ச்சில் குளிரும், ஆனால் கிரேன் சும்மா நிற்கும்.

இரட்டைக் கீல்காரர்களுக்கு இங்கே இரண்டாவது லாபம். கெட்டியான தரையில் வற்றத்தில் நிறுத்தி, இரண்டு ஓதங்களுக்கு இடையே பூசிவிட முடியும். ஆனால் சுரண்டிய செம்புப் பெயின்ட் கடலில் ஓடக் கூடாது என்று பல துறைமுகங்களில் கட்டுப்பாடு உண்டு, கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நான் ஓராண்டு விட்டு ஓராண்டு கிரேன் வைக்கிறேன். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 250 பவுண்டு.

படி 5: எஞ்சினும் டீசலும்

பாய்மரப் படகில் டீசல் செலவு அற்பம். சின்ன எஞ்சின் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். துறைமுகத்துக்கு உள்ளே வெளியே போகவும் காற்று நின்ற நாட்களிலும் என்று ஆண்டுக்கு 50 மணி நேரம் ஓடினால் நூறு லிட்டருக்குள்தான். வட அயர்லாந்து தவிர்த்த பிரிட்டனில் உல்லாசப் படகுகள் சிவப்புச் சாயமிட்ட டீசல் போட்டுக்கொள்ளலாம். படகை ஓட்டப் பயன்படும் பங்குக்கு முழுத் தீர்வை, உள்ளே சூடாக்கவும் மின்சாரத்துக்கும் பயன்படும் பங்குக்குக் குறைந்த தீர்வை. வழக்கமாக 60க்கு 40 என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆண்டுக்கு 130 பவுண்டு வைத்துக்கொள்வோம்.

சர்வீஸுக்கு எண்ணெய், இரண்டு ஃபில்டர், பெல்ட், இம்பெல்லர் என்று 160 பவுண்டு, நீங்களே செய்தால். ஆள் வைத்தால் இரண்டு மடங்குக்கு மேல். கற்றுக்கொள்வது கடினமில்லை. கடல்நீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விக்கும் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். கைக்கடக்கமான பொருள். அதை மாற்ற மறந்து, அதன் இதழ்கள் உடைந்து குழாயை அடைத்து, எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்ற வேண்டி வந்தது எனக்கு. இருபது பவுண்டுப் பொருளுக்கு முந்நூறு பவுண்டு மெக்கானிக் கூலி. குளிர்காலத்தில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து இரும்பைப் பிளந்துவிடும் என்பதையும் நம்மூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நவம்பரில் ஆன்டிஃப்ரீஸ் ஓடவிட மறக்காதீர்கள்.

படி 6: வராத ஆண்டுகளிலும் ஒதுக்க வேண்டிய பணம்

எல்லோரும் தவறவிடுவது இதைத்தான். ஒரு நல்ல ஆண்டு போய்விடும், எதுவும் உடையாது, செலவு குறைவாகத் தெரியும். அந்த ஆண்டிலும் பாய் வெயிலில் இற்றுக்கொண்டும், கம்பிக் கயிறு களைத்துக்கொண்டும்தான் இருக்கிறது. பில் மட்டும் பிறகு வரும்.

பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். வெளியே பளபளவென்று இருக்கும், விரிசல் உள்ளே இருக்கும். மரம் விழுந்தபின் கம்பியின் வயதை இன்சூரன்ஸ்காரர் கேட்பார். 2,200 பவுண்டை 11ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 200. பெரிய பாய், முன்பாய் இரண்டும் சேர்ந்து 3,000 பவுண்டு, 12 ஆண்டு தாங்கும், ஆண்டுக்கு 250. துணி போவதற்கு முன்னால் வெயிலில் தையல் நூல்தான் இறும். நாலைந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுதையல் போட்டால் பாய் இன்னும் சில ஆண்டு ஓடும். புது டீசல் எஞ்சின் பொருத்தும் கூலியோடு 9,000 பவுண்டு. 25 ஆண்டுக்குப் பிரித்தால் 360. பேட்டரிகள் ஆண்டுக்கு 40.

இத்தோடு படகின் அடியில் ஓட்டை போட்டுப் பொருத்திய குழாய் வால்வுகள். சாதாரணப் பித்தளையில் செய்தவற்றில் உப்புத் தண்ணீர் துத்தநாகத்தைத் தின்றுவிடும். மிஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாக, பிஸ்கட் மாதிரி உதிரும். சுரண்டிப் பார்த்து நிறம் மாறியிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். வெண்கலம், அல்லது துத்தநாகம் இழக்காத வகைப் பித்தளை. இதற்கும் சில்லறைக் கருவிகளுக்கும் சேர்த்து 150 வைத்தால் இந்த நிதி ஆண்டுக்கு 1,000 பவுண்டு ஆகிறது. மாதம் 84 பவுண்டைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அதைத் தொடாமல் இருங்கள்.

பழைய வெஸ்டர்லி படகுகளுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. கூரையின் உள்பக்கத்தில் ஒட்டிய வினைல் துணிக்குப் பின்னாலிருக்கும் நுரை பொடியாகி, துணி தொங்க ஆரம்பிக்கும். படுத்தால் மூக்கில் இடிக்கும். அழகுப் பிரச்சினைதான், அவசரமில்லை. நான் மூன்றாவது ஆண்டாகக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன்.

படி 7: பாதுகாப்பு, காகிதம், சுற்றுலாச் செலவு

லைஃப் ஜாக்கெட்டின் வாயுக் குப்பியும் தானாக ஊதும் முனையும், ஆபத்து வெளிச்சக் குச்சிகளும் காலாவதியாகும் பொருட்கள். ஆண்டுக்கு 120 பவுண்டு ஒதுக்குகிறேன். காலாவதியான வெளிச்சக் குச்சியைக் குப்பையில் போடக் கூடாது, கொளுத்திப் பார்க்கவும் கூடாது. வாங்கும் கடையிலேயே திரும்பப் பெறுவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வி.எச்.எஃப் ரேடியோவுக்கான உரிமத்தை, தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆஃப்காம் இணையவழியில் இலவசமாகத் தருகிறது. ரேடியோவில் பேசுபவருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், அது ஒரே ஒரு முறை ஆகும் செலவு. கடலில் மட்டும் ஓட்டினால் படகுக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. தேம்ஸ் ஆற்றில் ஓதம் எட்டாத மேல்பகுதியிலோ கால்வாய்களிலோ நுழைந்தால் கட்டணமும், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும்.

வேறு ஊருக்குப் போய் மரினாவில் ஓர் இரவு கட்டினால் 35 முதல் 45 பவுண்டு. ஆண்டுக்கு எட்டு இரவு என்றால் 320. நங்கூரம் போட்டால் காசில்லை. நல்ல நங்கூரமும் முப்பது மீட்டர் சங்கிலியும் வாங்கும் செலவு இரண்டு கோடையில் திரும்பிவிடும்.

படி 8: கூட்டுங்கள்

அதே படகை மரினாவில் வைத்தால் இடவாடகை 8.4 மீட்டருக்கு 5,880, இன்சூரன்ஸ் 230, சர்வே பங்கு 130, கிரேன் 500, பெயின்ட் 200, எஞ்சின் சர்வீஸ் 160, டீசல் 130, மின்சாரம் 100, பாதுகாப்புப் பொருட்கள் 120, கயிறு, பசை, பல்பு, உடைந்தது, கடலில் விழுந்தது என்று 300, வெளியூர் இரவுகள் 320, ஒதுக்கு நிதி 1,000. மொத்தம் 9,070 பவுண்டு.

சேற்று மூரிங்கில் வாடகை 450, துறைமுகக் கட்டணம் 80, தோணி வைக்க 120, சங்கிலிக்கு 150, தோணி, அவுட்போர்டு தேய்மானம் 150. கிரேன் 250. மின்சாரம் இல்லை. மற்றவை அப்படியே. மொத்தம் 3,790 பவுண்டு.

ஐயாயிரம் பவுண்டுப் படகு ஒன்றேதான், இரண்டு கணக்கிலும். இப்போது எத்தனை நாள் கடலுக்குப் போவீர்கள் என்பதால் வகுங்கள். வாங்கும் முன் எல்லோரும் ஐம்பது நாள் என்பார்கள். இந்த நாட்டு மழை, வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு எல்லாம் கழித்தால் 25 நாள் போனவர் பாக்கியசாலி. மரினாவில் ஒரு நாளுக்கு 363 பவுண்டு, சேற்றில் 152 பவுண்டு. ஆனால் நேர்மையாகச் சொன்னால் மரினாக்காரர் என்னைவிட அதிக நாள் போவார். வேலை முடிந்து மாலையில் இரண்டு மணி நேரம் சும்மா போய்வர அவரால் முடியும், என்னால் முடியாது. வீட்டிலிருந்து மரினா இருபது நிமிட தூரத்தில் இருந்து, பணமும் இருந்தால் அதையே எடுங்கள். இரண்டு மணி நேரம் காரோட்டித்தான் வர வேண்டும் என்றால் மேடையில் நடந்து ஏறும் சுகத்துக்கு ஆறாயிரம் பவுண்டு கொடுப்பதில் பொருளில்லை.

இன்னொரு வழி, கூட்டு. பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் ஒரு கப்பலின் உரிமை 64 பங்குகளாகவே பிரிக்கப்படுகிறது. பங்கு போட்டு வைத்துக்கொள்வது இங்கே அவ்வளவு பழைய பழக்கம். இரண்டு குடும்பம் சேர்ந்தால் செலவு பாதி, யாருக்கும் நாள் குறையாது. ஆகஸ்டில் எந்த வாரம் யாருக்கு, பழுதுக்கு யார் முடிவெடுப்பது, ஒருவர் விலகினால் பங்கை எந்த விலையில் எத்தனை மாதத்தில் மற்றவர் வாங்க வேண்டும் என்ற மூன்றையும் நட்பாக இருக்கும்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

படி 9: வெளியே வரும் வழி

வாங்கும்போதே விற்பதை யோசிக்கச் சொன்னால் அபசகுனம் மாதிரி இருக்கும். ஆனாலும், படகு விற்கும்வரை மூரிங் வாடகையும் இன்சூரன்ஸும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மரினாவில் நிற்கும் விலை குறைந்த பழைய படகு விற்க ஓராண்டு ஆனால், விற்ற பணம் முழுக்க அந்த ஓராண்டு வாடகைக்கே போய்விடும். யாரும் வாங்காத படகின் நிலை இன்னும் மோசம். ஃபைபர் கிளாஸ் மக்காது, விறகும் ஆகாது. உடைத்து அப்புறப்படுத்த, கிரேனும் லாரியும் சேர்த்து, ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஓடைகளின் ஓரத்தில் பாசி பிடித்துச் சாய்ந்து கிடப்பவை பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு யாரோ விட்டுப்போனவை. "இலவசம், எடுத்துச் செல்பவருக்கு" என்று ஒரு விளம்பரம் பார்த்தால், அந்தப் படகோடு இந்தச் செலவும் கை மாறுகிறது என்று அறிந்து போங்கள்.

விற்பதென்று முடிவானால் ஜனவரியில் சுத்தம் செய்து, எஞ்சின் ஓடுகிற காணொளியோடு பிப்ரவரியில் விளம்பரம் போடுங்கள். வாங்க ஆசைப்படுகிறவர்கள் வசந்தத்துக்கு முன்னால்தான் தேடுவார்கள். மூரிங் வேண்டாமென்று எத்தனை மாதம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் 1 தாண்டினால் அடுத்த ஆண்டு பில் கதவைத் தட்டும்.